வினைமுற்றும் வழுவும்: எழுத்துத் தமிழிற் பிழை நீக்கும் வழி

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, பழைய நினைவுகளை எழுதுவதா, பாடம் ஒன்றை எழுதுவதா என்று சிறிது நேரம் எண்ணினேன். நினைவுகளை என்னினும் இனிமையாக எழுதவல்ல மூத்தோர் பலர் உளர். யான் தமிழாசிரியன். கொப்பி திருத்துதலே என் தொழில். ஆதலால், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தொழிலிற் கண்டவற்றுள் ஒன்றையே இங்குக் கூறத் துணிந்தேன்.

மாணவர் எழுதும் கட்டுரைகளில் லகர, ளகர, ழகரங்கள் மயங்கி வரின் எவரும் உடனே கண்டுகொள்வர். ரகர றகரப் பிழைகளும் அவ்வாறே கண்ணுக்குப் புலப்படும். ஆனால், வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் வினையிற் பிழை இருப்பின் அதைக் காண்பவர் சிலரே. படிப்பவர் கருத்தை ஊகித்துக்கொண்டு மேலே செல்வர். எழுதியவரும் தாம் பிழையற எழுதியதாகவே எண்ணியிருப்பர். இவ்வாறு திருத்துவாரின்றி வளர்ந்த பிழைகள் மாணவர் கொப்பிகளில் மட்டுமன்றி, கற்றோர் எழுதும் அறிக்கைகளிலும் செய்தித்தாள்களிலும் இன்று மலிந்துள்ளன.

வினையிற் காணும் பிழையை யான் பெரிதாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுவாயைக் கூறாது வினையை மட்டும் கூறினால், ஏவல் ஒழிந்த இடங்களிற் பொருள் நிரம்பாது. அம்மொழியின் இறந்தகால வினை, செய்தவர் ஆணாயினும் பெண்ணாயினும், ஒருவராயினும் பலராயினும், பெரும்பாலும் ஒரே வடிவில் நிற்கும். செய்தவர் யார் என்பதைக் கூறும் பொறுப்பு எழுவாயைச் சார்ந்தது. தமிழில் அவ்வாறன்று. ‘வந்தாள்’ என்னும் ஒரு சொல்லைப் பகுத்துப் பாருங்கள். பகுதி தொழிலைக் கூறுகிறது. இடைநிலை காலத்தைக் கூறுகிறது. விகுதியோ உயர்திணை, பெண்பால், ஒருமை, படர்க்கை என்னும் நான்கையும் ஒருங்கே கூறுகிறது. எனவே, தமிழ் வாக்கியத்தில் யார் செய்தார், எப்போது செய்தார் என்பவற்றுக்கு வினைமுற்றே சாட்சி. சாட்சி பிறழ்ந்தால் வாக்கியம் முழுவதும் ஐயத்துக்கு இடமாகும்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே திணையையும் பாலையும் வகுத்து, பெயரும் வினையும் தம்முள் மயங்காது இயைதல் வேண்டும் என விதித்தார். நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர், திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நேரும் என்று எண்ணிக் காட்டினார். 1822ஆம் ஆண்டில் நல்லூரிற் பிறந்து, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்ததோடு அமையாது, மாணவர் எளிதில் உணருமாறு இலக்கணச் சுருக்கத்தையும் உரைநடையில் எழுதினார். அப்பெரியோர் காட்டிய வழியில் நின்று, இன்று நம் எழுத்தில் மிகுதியாகக் காணும் வினைப்பிழைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

1. எழுவாயும் பயனிலையும்

‘இவ்வாண்டு எமது கல்லூரியிற் பல விழாக்கள் நடைபெற்றது’ என்று எழுதுவோர் பலர். விழாக்கள் பல, ஆதலின் ‘நடைபெற்றன’ என்பதே முடிபு. இப்பிழைக்குக் காரணம் நம் பேச்சு வழக்கு. ‘மாடுகள் நிக்குது’, ‘பிள்ளையளின்ரை கொப்பியள் கிடக்குது’ என அஃறிணைப் பன்மையையும் ஒருமை வினையால் முடித்துப் பேசுவது நம் இயல்பு. பேச்சில் அது குற்றமாகத் தோன்றாது. எழுதும்போது நாக்கின் பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது.

இதற்கு மாறான பிழையும் உண்டு. ‘பழைய மாணவர்கள் வழங்கிய நூல்களின் தொகை பெருகின’ என்று ஒரு மாணவர் எழுதினார். பெருகியவை எவை என்று அவரை வினவினேன். ‘நூல்கள், ஐயா’ என்றார். வாக்கியத்தின் எழுவாய் ‘நூல்கள்’ அன்று, ‘தொகை’. ஆதலின் ‘தொகை பெருகியது’ என்று முடித்தல் வேண்டும். வினைக்கு அண்மையில் உள்ள பன்மைப்பெயர் எழுதுவோரை மயக்கிவிடுகிறது. வாக்கியம் நீளுந்தோறும் இம்மயக்கம் மிகும். எழுதி முடித்ததும் இடையிலுள்ள அடைமொழிகளை நீக்கி, எழுவாயையும் பயனிலையையும் அருகருகே வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் பிழை தானே புலப்படும்.

இங்கு ஒரு விதிவிலக்கை மறத்தலாகாது. மரம், ஆடு, நாள் முதலிய அஃறிணைப் பெயர்கள் ‘கள்’ விகுதி பெறாமலே ஒருமைக்கும் பன்மைக்கும் வரும். இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். ‘பத்து மரம் வீழ்ந்தன’ என்பது பிழையன்று. பன்மையை அங்கே எண்ணுப்பெயரும் வினையும் காட்டுகின்றன.

‘ஒவ்வொரு’ என்னும் சொல் பலரை இடறச் செய்கிறது. ‘ஒவ்வொரு மாணவர்களும் வந்தனர்’ என்பது பிழை. ஒவ்வொரு என்பது ஒருமை. அதன்பின் பன்மைப்பெயர் வருதல் பொருந்தாது. ‘ஒவ்வொரு மாணவனும் வந்தான்’ என்றோ, ‘மாணவர் ஒவ்வொருவரும் வந்தனர்’ என்றோ எழுதலாம்.

இடங்கள் விரவி வரும்போது தன்மை இடம் பெற்றால் வினையும் தன்மையாகும். தன்மை இன்றி முன்னிலை இடம் பெற்றால் முன்னிலையாகும். ‘நானும் தம்பியும் சென்றோம்’, ‘நீயும் அவனும் சென்றீர்கள்’ என்பன காண்க.

மதிப்புக் கூறும் இடத்தில் ஒரே அளவைக் கைக்கொள்ளுதலும் வேண்டும். ஒரு பந்தியில் ‘அதிபர் வந்தார்’ என்று தொடங்கி, நடுவில் ‘பேசினார்கள்’ என்று உயர்த்தி, இறுதியில் ‘சென்றார்’ என்று முடிப்பவர் உளர். மூன்றாம் வாக்கியத்தில் மதிப்புக் குறைந்ததோ எனப் படிப்பவர் மயங்குவர். எவ்வடிவைத் தொடக்கத்திற் கொண்டோமோ அதையே இறுதிவரை காத்தல் நன்று.

2. அன்று, அல்ல, இன்றி, அன்றி

பேச்சில் ‘அல்ல’ என்னும் ஒரு சொல்லே எல்லாவற்றையும் மறுக்கப் பயன்படுகிறது. எழுத்துத் தமிழில் இதுவும் திணை, பால், இடங்களுக்கு ஏற்ப வேறுபடும் குறிப்பு வினையாகும். நான் அல்லேன், நாம் அல்லோம், நீ அல்லை, நீர் அல்லீர், அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. எனவே ‘இது என் நூல் அல்ல’ என்பதை ‘இது என் நூல் அன்று’ எனவும், ‘அவர் ஆசிரியர் அல்ல’ என்பதை ‘அவர் ஆசிரியர் அல்லர்’ எனவும் திருத்துக.

இத்தனை வடிவங்களையும் எவ்வாறு நினைவில் வைப்பது என மாணவர் மலைப்பதுண்டு. மலைக்க வேண்டுவதில்லை. நான் வந்தேன், அவன் வந்தனன், அவள் வந்தனள், அவர் வந்தனர் என்பவற்றின் இறுதியைச் சேர்த்துப் பாருங்கள். அல்லேன், அல்லன், அல்லள், அல்லர் என்பன தாமாகவே வந்து நிற்கும். அஃறிணைக்கு மட்டும் ஒருமையில் அன்று, பன்மையில் அல்ல என்பதை நினைவில் இருத்தினாற் போதும்.

‘இல்லை’ என்பதற்கு இவ்வேறுபாடு இல்லை. இல்லை, உண்டு, வேறு என்னும் மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவானவை என நன்னூலார் கூறுவர். ஆனால், பொருள் வேறுபாடு உண்டு. ‘அவன் வீட்டில் இல்லை’ என்பது இருத்தலை மறுக்கிறது. ‘அவன் கள்வன் அல்லன்’ என்பது தன்மையை மறுக்கிறது.

இவ்விரு சொற்களின் வழியாகவே இன்றி, அன்றி என்னும் எச்சங்களும் வந்தன. ‘தலைவரின்றிக் கூட்டம் நடைபெற்றது’ எனின், தலைவர் அங்கே இல்லை என்பது பொருள். ‘தலைவரன்றி ஒருவரும் பேசவில்லை’ எனின், தலைவர் ஒருவரே பேசினார் என்பது பொருள். ஓர் எழுத்து மாறியவுடன் தலைவர் கூட்டத்துக்கு வந்தாரா, வரவில்லையா என்பதே மாறிவிடுகிறது. ‘செயலாளரின்றி எவரும் வரவில்லை’ என்று எழுதுவோர் எதைக் கருதினர் என்பதைப் படிப்பவர் அறியார்.

3. எச்சத்தின் வினைமுதல்

‘கதவைத் திறந்து பூனை வெளியே ஓடியது’ என ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதினான். கதவைத் திறந்தவர் அவனுடைய தந்தையார். வாக்கியத்தின்படி கதவைத் திறந்தது பூனை. வகுப்பு முழுவதும் சிரித்தது, அவனும் சிரித்தான். அவன் அந்த விதியைப் பின்னர் மறக்கவில்லை.

விதி இதுதான். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே முற்றின் வினைமுதலாகக் கொள்ளும். எழுந்தவன் எவனோ, குளித்தவன் எவனோ, அவனே பள்ளிக்கும் சென்றவன் எனும்போதுதான் ‘எழுந்து, குளித்து, பள்ளிக்குச் சென்றான்’ என எழுதலாம். வினைமுதல் வேறுபடும் இடத்திற் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சத்தையோ, ‘செய்ததும்’, ‘செய்தபின்’, ‘செய்தபோது’ என்பவற்றையோ கொள்ளுதல் வேண்டும். ‘தந்தையார் கதவைத் திறக்கப் பூனை வெளியே ஓடியது’ என்பது வழுவற்றது.

‘விளக்கை அணைத்து எல்லோருக்கும் உறக்கம் வந்தது’ என்பதும் இவ்வகைப் பிழையே. அங்கே விளக்கை அணைத்தது உறக்கம் என்றாகிறது. ‘விளக்கை அணைத்ததும் எல்லோருக்கும் உறக்கம் வந்தது’ என்க.

இதற்கும் அமைதி உண்டு. ‘கை நடுங்கி எழுதினான்’ என்ற வாக்கியத்தில் நடுங்கியது கை, எழுதியவன் அவன். கை அவனுடைய உறுப்பாகையால், சினையின் வினை முதலின் வினையைக் கொண்டு முடிதல் வழுவன்று. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதிலும் வினைமுதல் வேறு. ஆயினும் பெய்ததே நிறைந்ததற்குக் காரணம் ஆதலின், அங்குப் ‘பெய்து’ என்பது ‘பெய்ய’ என்னும் பொருளில் நின்றதென இலக்கணகாரர் அமைத்துக்கொள்வர். இவ்விரண்டையும் கண்டு, எல்லா இடத்தும் அவ்வாறு எழுதலாம் எனத் துணிதல் தவறு.

4. வினையை மாற்றுதலும் பெருக்குதலும்

தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஓர் எழுத்தில் நிற்கும். திருந்தினான், திருத்தினான், அடங்கினான், அடக்கினான், மாறியது, மாற்றினான், உருண்டது, உருட்டினான். பிழையைத் தானே உணர்ந்தவன் திருந்தினான். பிறனுடைய பிழையைச் சுட்டியவன் திருத்தினான். விழா தொடங்கியது, ஆயின் அமைச்சர் விழாவைத் தொடக்கி வைத்தார். ‘தொடங்கி வைத்தார்’ என அழைப்பிதழ்களிலும் செய்திகளிலும் நாள்தோறும் வருவதை இவ்வாறு திருத்திக்கொள்க.

‘முயற்சித்தான்’ என்னும் சொல் இன்று எங்கும் பரவியுள்ளது. முயல் என்பது பகுதி; அதிலிருந்து வந்த தொழிற்பெயர் முயற்சி. தொழிற்பெயரின்மேல் மீண்டும் வினை விகுதியை ஏற்றுவது என்ன முறை? மகிழ்ச்சி, வளர்ச்சி, தளர்ச்சி என்பனவும் இவ்வாறு அமைந்த தொழிற்பெயர்களே. ‘மகிழ்ச்சித்தான்’, ‘வளர்ச்சித்தான்’, ‘தளர்ச்சித்தான்’ என எழுதுவார் உண்டோ? மகிழ்ந்தான், வளர்ந்தான், தளர்ந்தான் என்பனபோல முயன்றான் என்பதே நேரிய வடிவம்.

‘நினைவு கூறினார்’ என்பதும் அடிக்கடி காணும் பிழை. கூர்தல் என்பதற்கு மிகுதல் என்பது பொருள். கடிதங்களில் ‘அன்புகூர்ந்து’ என எழுதுகிறோம் அல்லவா? அக்கூர்தலே இதுவும். ‘நினைவுகூர்ந்தார்’, ‘நினைவுகூர்தல்’ என இடையின ரகரத்தால் எழுதுக. கூறுதல் வாயின் தொழில். நினைவுகூர்தல் நெஞ்சின் தொழில்.

வினையைத் தேவையின்றிப் பெருக்கி எழுதுதல் இலக்கண வழு அன்று. ஆயினும் உரைநடைக்குப் பெருங்கேடு செய்வது. ‘பொலிசார் விசாரணைகளை மேற்கொண்டனர்’, ‘அவர் யாழ்ப்பாணத்துக்கு விஜயத்தை மேற்கொண்டார்’, ‘நடவடிக்கைகள் முன்னெடுக்கப்பட்டு வருகின்றன’ என்பன போன்ற தொடர்கள் செய்திகளில் மலிந்துள்ளன. பொலிசார் விசாரித்தனர், அவர் யாழ்ப்பாணம் வந்தார். இரண்டு வாக்கியங்களும் சுருங்கின. பொருளில் ஒன்றும் குறையவில்லை. மூன்றாவதைச் சுருக்க இயலாது. யார் என்ன செய்கின்றனர் என்பது அதில் இல்லை.

5. காலம்

செய்திகளிலிருந்து மாணவர் கொப்பிகளுக்குப் பரவிய மற்றொரு பிழை ‘இருந்தார்’ என்பது. ‘அமைச்சர் நேற்று வருகை தந்திருந்தார். புதிய கட்டடத்தைத் திறந்து வைத்திருந்தார். பின்னர் உரை நிகழ்த்தியிருந்தார்’ என எழுதுகின்றனர். ஒரு செயல் நிகழ்ந்த காலத்தில் அதற்கு முந்திய செயல் முடிந்திருந்தது என்பதைக் கூறுவதற்கே இவ்வடிவம் பெரிதும் உதவுவது. ‘நாங்கள் துறைமுகத்தை அடைந்தபோது படகு புறப்பட்டிருந்தது’ என்ற வாக்கியத்தில் இரண்டு செயல்கள் உள்ளன, முந்தியது புறப்படுதல். அமைச்சரின் செய்தியில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவற்றையே கூறுகிறோம். வருகை தந்தார், திறந்து வைத்தார், உரை நிகழ்த்தினார் என்பனவே அமையும். எல்லா வினைகளோடும் ‘இருந்தார்’ சேர்த்தால், முந்தியது எது, பிந்தியது எது என்பதைக் காட்டும் கருவியை நாமே இழந்துவிடுகிறோம்.

‘வந்துள்ளார்’ என்பது வேறு. வந்தவர் இன்னும் இங்கே இருக்கிறார், அல்லது வந்ததன் பயன் இன்னும் நிற்கிறது என்பது அதன் பொருள். சென்ற மாதம் வந்து மறுநாளே திரும்பியவரை ‘வந்துள்ளார்’ என்றல் பொருந்தாது.

விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களாற் காலம் பிறழ்ந்து வருவதை நன்னூலார் அமைத்துக்கொண்டார். தாய் உண்ண அழைக்கும்போது, இன்னும் எழாத பிள்ளை ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறது. அது விரைவு பற்றி வந்த கால வழுவமைதி. காரணம் இருந்தால் அமைதி. காரணம் இன்றேல் வழு.

6. செயப்பாட்டு வினை

இறுதியாக, என் மனத்தை நெடுநாள் உறுத்திய ஒன்றைக் கூறுகிறேன்.

‘படு’ என்னும் துணைவினை சேர்ந்து செயப்பாட்டு வினை அமைவது தமிழ் இலக்கணத்துக்கு உடன்பாடே. செய்தவரை அறியாத இடத்தும், அவரைக் கூற வேண்டாத இடத்தும் அது ஏற்புடையது. ‘இக்கோயில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது’ என்பதிற் குறை காண்பார் இலர். ஆங்கில அறிக்கைகளைப் பெயர்த்து எழுதும் வழக்கம் வளர்ந்தபின், செய்தவரை நன்கறிந்த இடத்தும் இவ்வினையையே கையாளத் தலைப்பட்டோம். ‘என்னால் இந்நூல் படிக்கப்பட்டது’ என எழுதும் மாணவனை எளிதில் திருத்தலாம். அவ்வாக்கியத்தின் செயற்கை அவனுக்கே புலப்படும். ‘தீர்மானிக்கப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’ என எழுதும் பெரியவர்களைத் திருத்துவது அரிது. அவ்வாறு எழுதியவருள் யானும் ஒருவன்.

ஆசிரியத் தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில் ஊர் வாசிகசாலை ஒன்றின் செயலாளனாக இருந்தேன். அவ்வாண்டு மாரியிற் கூரை ஒழுகியது. நூல்களைக் காக்கும் பொருட்டுக் கட்டட நிதியிலிருந்து 15,000 ரூபாவை எடுத்து ஓடு மாற்றுவதெனவும், ஆறு மாதத்துள் அதனை மீளச் செலுத்துவதெனவும் செயற்குழு தீர்மானித்தது. ஓடு மாற்றினோம். பணத்தை உரிய காலத்தில் மீளச் செலுத்த எம்மால் இயலவில்லை. ஆண்டறிக்கையில் யான் எழுதியது இது: ‘கட்டட நிதியிலிருந்து 15,000 ரூபா எடுக்கப்பட்டது. அத்தொகை இன்னும் மீளச் செலுத்தப்படவில்லை.’ ஓடு மாற்றிய செய்தியை வேறொரு பந்தியில் எழுதினேன், இரண்டையும் இணைக்கவில்லை. அறிக்கைக்கு அவ்வாறு எழுதுவதே பெருமை என அக்காலத்தில் எண்ணினேன்.

நிதிக்குப் பொறுப்பாக இருந்தவர் பொருளாளர், ஓய்வுபெற்ற தபாலதிபர், ஒரு சதமும் பிசகாது கணக்கு வைத்தவர். அறிக்கையைக் கேட்டோருட் சிலர், பணத்தை எடுத்தவர் அவரே எனக் கொண்டனர். அவர்கள் வேறு சிலருக்குக் கூறினர். மறுகிழமை அவர் என் வீட்டுக்கு வந்து, அலுமாரிச் சாவியையும் கணக்கேட்டையும் மேசைமேல் வைத்தார். யான் திகைத்தேன். ‘தம்பி, நீர் பொய் எழுதேல்லை. ஆனால் ஆர் எடுத்ததெண்டு எழுதேல்லை’ என்றார். வேறொன்றும் கூறவில்லை.

அடுத்த பொதுக் கூட்டத்தில் உண்மையை விளக்கினேன். எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். ஆயினும், அப்பொறுப்பை அவர் மீண்டும் ஏற்கவில்லை. மாலைதோறும் பத்திரிகை படிக்க வந்தவர், அதன்பின் வாசிகசாலைப் பக்கம் வருவதையும் குறைத்துக்கொண்டார்.

எந்த இலக்கண நூலைக் கொண்டு நோக்கினும் யான் எழுதிய அவ்விரு வாக்கியங்களிலும் வழு இல்லை. எழுவாயும் பயனிலையும் இயைந்தே நின்றன. ஆனால், ‘எடுத்தோம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘எடுக்கப்பட்டது’ என்று எழுதினேன். விகுதி ஒன்று மாறியபோது, பதினொருவர் சேர்ந்து ஏற்க வேண்டிய பொறுப்பு ஒருவர் தலையில் இறங்கியது. ‘கூரையைத் திருத்தும் பொருட்டுக் கட்டட நிதியிலிருந்து 15,000 ரூபாவை நாம் எடுத்தோம், அதனை நாம் இன்னும் மீளச் செலுத்தவில்லை’ என எழுதியிருப்பின் அவருக்கு ஒரு குறையும் வந்திராது. அதுமுதல், செயப்பாட்டு வினையை எழுத முற்படும்போதெல்லாம், செய்தவரை அறிவேனா, அறிந்தும் மறைக்கிறேனா என என்னையே வினவிக்கொள்கிறேன். மாணவருக்கும் அதனையே கற்பிக்கிறேன்.

7. திருத்தும் முறை

எழுதும்போதே இவ்விதிகள் அனைத்தையும் நினைப்பது இயலாது. நினைத்தால் எழுத்து ஓடாது. முதலிற் கருத்தை எழுதி முடியுங்கள். பின்னர் ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் நின்று ஐந்து வினாக்களைக் கேளுங்கள். இவ்வினையின் எழுவாய் எது? அதன் திணை, பால், எண், இடத்தோடு விகுதி இயைகிறதா? இடையில் உள்ள எச்சத்தின் வினைமுதலும் முற்றின் வினைமுதலும் ஒன்றா? காலம் பொருந்துகிறதா? செய்தவரைக் கூற வேண்டிய இடத்திற் கூறினேனா? பழக்கம் வந்தபின் இவ்வைந்தும் ஒரே பார்வையில் அடங்கும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர், விடைத்தாளைக் கையளிக்குமுன் கட்டுரையை ஒருமுறை இவ்வாறு நோக்குதல் நலம்.

பயிற்சி

பின்வரும் வாக்கியங்களை ஆராய்ந்து திருத்துக.

1. இவ்வாண்டு எமது விளையாட்டுக் குழுக்கள் மூன்று கிண்ணங்களை வென்றது.
2. ஒவ்வொரு மாணவர்களும் தம் கடமையை உணர வேண்டும்.
3. அவர் எமது ஊரவர் அல்ல.
4. கூட்டம் முடிந்து யாவரும் கலைந்தனர்.
5. நன்கொடை வழங்கிய அன்பர்களின் பட்டியல் வெளிவந்துள்ளன.
6. அமரரின் தொண்டினைப் பலரும் நினைவு கூறினர்.
7. சென்ற வெள்ளிக்கிழமை அதிபர் பரிசில்களை வழங்கியிருந்தார்.
8. வகுப்பறையின் யன்னற் கண்ணாடி உடைக்கப்பட்டுள்ளது.

விடை

1. வென்றன. 2. மாணவர் ஒவ்வொருவரும் தம் கடமையை உணர வேண்டும். அல்லது, ஒவ்வொரு மாணவனும் தன் கடமையை உணர வேண்டும். 3. அல்லர். 4. கூட்டம் முடிந்ததும் யாவரும் கலைந்தனர். 5. பட்டியல் வெளிவந்துள்ளது. 6. நினைவுகூர்ந்தனர். 7. வழங்கினார். 8. இவ்வாக்கியத்தில் இலக்கண வழு இல்லை. உடைத்தவர் எவரென அறியாவிடின் அது அவ்வாறே நிற்கலாம். அறிந்தால் அவரைக் கூறுக. உடைத்தவர் எழுதுபவரேயாயின், ‘நான் உடைத்தேன்’ என எழுதுக.

எட்டாம் வாக்கியத்துக்கு விடையை அவ்வாறு எழுதவல்ல மாணவரை ஆக்குவதே கல்லூரியின் பணி. அப்பணியை இத்தனை ஆண்டுகளாக ஆற்றிவந்த நம் கல்லூரி, இன்னும் பல விழாக்களைக் கண்டு நீடூழி வாழ்க.